குரங்குக் காய்ச்சல் தெற்கே நகர்ந்து வருகிறதா? ஆண்டுவாரி வரைபடத்தைப் படிப்பது பற்றி

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் தேதியைப் பற்றிய கேள்வி. கூடலூரைச் சொந்த ஊராகக் கொண்டு பெங்களூர் ஜாலஹள்ளியில் குடியிருக்கும் நீங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்கள்; குரங்குக் காய்ச்சல் என்னும் கியாசனூர் காட்டு நோய் எந்த ஆண்டில் எங்கே கண்டறியப்பட்டது என்பதைக் காட்டும் படம் அது. அதில் 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் புள்ளிகள் பெருகி, 2012-இல் பந்திப்பூரையும் முதுமலையையும் தொட்டு, பிறகு வயநாட்டுக்குள் நுழைகின்றன. எல்லாவற்றின் மேலும் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு தடித்த அம்புக்குறி. இதே வேகத்தில் போனால் கோயம்புத்தூருக்கு எப்போது வரும், பெங்களூருக்கு எப்போது வரும், கூடலூரில் இருக்கும் பெற்றோரை இங்கே அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதன் அடியில் இருக்கும் கேள்வி வேறு: ஒரு நோய் எந்த ஆண்டில் எந்த ஊரில் கண்டறியப்பட்டது என்ற வரிசையை, அந்த நோய் பயணம் செய்த வழி என்று எடுத்துக்கொள்ளலாமா? பூச்சிகளும் உண்ணிகளும் பரப்பும் நோய்களின் கண்காணிப்புத் தரவுகளை வரைபடமாக்குவதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில், இந்த நோயைப் பொறுத்தவரை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன் என்பதால் சிகிச்சையைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளிலிருந்து தொடங்குகிறேன். 1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டம், சொரப தாலுகாவில் உள்ள கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. அதே சமயத்தில் சுற்றுவட்டாரக் கிராம மக்களுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. குரங்கும் மனிதனும் ஒரே நேரத்தில் சாகிறார்கள் என்பதால் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. புனேயில் இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம், வைரஸைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸின் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணிதான் இதை முதன்மையாகப் பரப்புகிறது. அனுமன் மந்தியும் நாட்டுக் குரங்கும் நோயுற்றுச் சாகும்போது அவற்றின் உடலிலிருந்து உதிரும் உண்ணிகள் அந்த இடத்தையே நோய்க்களமாக்கிவிடுகின்றன. பின்னர் அங்கே விறகுக்கோ சருகுக்கோ வருபவரை, கண்ணுக்கு எளிதில் தென்படாத இளம் உண்ணி கடிக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. வைரஸைப் பொறுத்தவரை மனித உடல் ஒரு முட்டுச்சந்து.

இந்தக் கடைசிச் செய்தி உங்கள் அம்புக்குறியோடு நேராக மோதுகிறது. மனிதர்களோ அவர்களுடைய சரக்குகளோ சுமந்து செல்லும் நோய் என்றால், ஆண்டுவாரி வரைபடம் பெரும்பாலும் பயண வரைபடமாகவே அமையும். 1896-இல் பம்பாயில் வெடித்த பிளேக், ரயில் பாதைகளை ஒட்டி நகர்ந்து, ஹூப்ளியைப் பிடித்து, 1898-இல் பெங்களூரை அடைந்தது. பின்னர் அது கோயம்புத்தூரையும் எப்படி வாட்டியது என்பதற்கு அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களே சான்று. அந்த நோய்க்கு ரயில் நிலையங்களையும் தேதிகளையும் வரிசைப்படுத்தி அம்பு வரைந்தால் அது பொருள் தரும். அடுத்து எந்த ஊர் என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும். குரங்குக் காய்ச்சலுக்கு அப்படிப்பட்ட தண்டவாளம் கிடையாது. சொரபவுக்கும் முதுமலைக்கும் இடையே நேர்க்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 1957 முதல் 2012 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். வகுத்தால் ஆண்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று ஒரு வேகம் கிடைக்கும். கணக்கில் பிழையில்லை, ஆனால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை; ஏனெனில் அப்படி ஆண்டுதோறும் ஆறு கிலோமீட்டர் நகர்ந்த எந்த நோய் எல்லையையும் யாரும் பார்த்ததில்லை. 2012 வரை இந்த நோய் சிவமொக்கா, உத்தர கன்னடம், தட்சிண கன்னடம், உடுப்பி, சிக்கமகளூரு ஆகிய ஐந்து மாவட்டங்களுக்குள்தான் பதிவாகி வந்தது. பிறகு ஒரே பருவத்தில் சாமராஜநகர் மாவட்டத்தின் பந்திப்பூரில் தென்பட்டது. நடுவே ஹாசனையும் மைசூரையும் படிப்படியாகக் கடந்து வந்ததற்கான பதிவு எதுவும் இல்லை.

2012-இல் நடந்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் வரைபடத்தின் அச்சமூட்டும் பகுதி முழுவதும் அந்த ஓராண்டைச் சுற்றியே இருக்கிறது. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் இறந்து கிடந்தன, அவற்றின் உடல்களைக் கையாண்டு எரித்த வனப் பணியாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது, மாதிரிகள் புனேவுக்குச் சென்றன, நோய் உறுதியானது. உடனே எல்லைக்கு அப்பாலும் தேடத் தொடங்கினார்கள். சில வாரங்களிலேயே முதுமலையிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் கண்டறியப்பட்டது. இதே காலத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதுவரை நோயை உறுதி செய்யச் சுண்டெலிக் குட்டிகளுக்கு மாதிரியைச் செலுத்திப் பல நாள் காத்திருக்க வேண்டும். பிசிஆர் முறையிலும் எலிசா முறையிலும் விரைவாகக் கண்டறியும் சோதனைகளைத் தேசிய வைராலஜி நிறுவனம் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் உருவாக்கி வெளியிட்டது. ஆக, தேடுபவர்களின் எண்ணிக்கை, தேடும் இடங்கள், தேடும் கருவி ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் கூடின. இருட்டு வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கைப் போட்டுக்கொண்டே போனால், ஒவ்வோர் அறையிலும் சாமான்கள் தென்படும் நேரத்தைக் குறித்து வைக்கலாம். அந்தச் சாமான்கள் நம் பின்னால் நடந்து வந்தன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2012-க்கு முன் நீலகிரிக் காடுகளில் இந்த வைரஸ் இருந்ததா என்று கேட்டால், அதற்கு விடை தரக்கூடிய பழைய மாதிரிகளை எடுத்துவைக்கும் ஏற்பாடு அப்போது அங்கே இல்லை. வரைபடத்தில் அந்தப் பகுதி அதுவரை வெள்ளையாக இருந்ததற்கு நோய் இல்லாததுதான் காரணம் என்று முடிவு கட்ட இயலாது.

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. நோய் எங்கும் எப்போதும் இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. தொடக்கத்தில் சாகர், சொரப, சிகாரிபுர தாலுகாக்களில் சுமார் 800 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்த நோய், அதன்பின் சுற்றியிருந்த காடுகளில் உண்மையாகவே பரவியது என்பதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. அங்கே தொடக்கம் முதலே ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1982-இல் தட்சிண கன்னடத்தில் தொடங்கிய பெல்தங்கடிப் பெருவெடிப்பும் அப்படித்தான். முந்திரி பயிரிடக் காடு வெட்டப்பட்ட இடத்தில், அதற்கு முன் இந்த நோயை அறியாத மக்களிடையே, அது மிகப் பெரிய அளவில் வெடித்தது; முன்பே அங்கு இருந்திருந்தால் கவனத்துக்கு வராமல் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுபக்கத்தில், 1950-களில் பல நூறு கிலோமீட்டர் வடக்கே கட்ச், சௌராஷ்டிரப் பகுதி மக்களின் ரத்தத்தில் இந்தக் குடும்பத்து வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்கள், காணப்பட்டன. ஆனால் டெங்கு உள்ளிட்ட உறவு வைரஸ்களுக்கு எதிராக உருவான ஆன்டிபாடிகள்கூட இத்தகைய சோதனைகளில் குறுக்கே வந்து குழப்பக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து நோய் அங்கே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களில் கிடைத்த வைரஸ்களின் மரபணு வரிசைகளை ஒப்பிடுவது இன்னும் நம்பகமான வழி: எது எதிலிருந்து பிரிந்தது, ஏறக்குறைய எப்போது பிரிந்தது என்பதை அது காட்டும். வரைபடத்தில் அம்புக்குறி போட உரிமை தருவது அந்த வகைச் சான்றுதான். அதிலும் மாதிரி எடுக்கப்படாத காடு அந்த வம்சாவளியின் எந்தக் கிளையிலும் இடம்பெறாது என்பதை மறக்கக் கூடாது.

இனி வரைபடம் உருவாகும் இடத்துக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த அக்கறை உள்ள பகுதி இது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் சேர்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஒரு நோயாளிக்கு ஒரு வரி இருக்கும்: பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள். அந்த ஊரின் பெயரை வைத்துத்தான் கணினியில் புள்ளி விழுகிறது. ஆனால் உண்ணி கடித்தது வீட்டு வாசலில் அல்ல. சிவமொக்காவை உள்ளடக்கிய மலைப்பகுதியான மலெநாட்டின் பாக்குத் தோட்டங்களுக்குத் தழையும் சருகும் தேவை. அதற்கென்றே விடப்பட்ட சொப்பின பெட்டா என்னும் தழைக்காடுகள் தோட்டத்துக்குப் பக்கத்திலும் இருக்கும், தள்ளியும் இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சருகு கூட்டப் போகும் பெண், குனிந்து இரு கைகளாலும் அள்ளிக் கூடையில் திணிக்கும்போது இளம் உண்ணிகள் புடவையோடு ஏறிவிடுகின்றன. கடித்த மூன்று முதல் எட்டு நாளில் காய்ச்சல். அவர் கிராமத்தில் புள்ளி வைத்தால் சில கிலோமீட்டர் பிழை, அது பொறுக்கத்தக்கது. வேலைக்காக இடம்பெயர்பவர்களின் நிலைமை அப்படியல்ல. கோவாவின் சத்தரி தாலுகாவில் 2015-இல் நோய் கண்டறியப்பட்ட பிறகு, அங்கே முந்திரித் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய பெலகாவி மாவட்டத் தொழிலாளர்களுக்கும் அது உறுதியானது. அவர்கள் முகவரியை வைத்து வரைந்தால் பெலகாவி சிவப்பாகும். காய்ச்சலுக்குக் காரணமான காடோ கோவாவில் இருக்கிறது. ஆகவே கடந்த இரண்டு வாரங்களில் எந்தக் காட்டுக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போனீர்கள் என்ற ஒரு கேள்வியைப் பதிவேட்டில் சேர்ப்பது, விலையுயர்ந்த எந்த மென்பொருளையும் விட வரைபடத்தை மேம்படுத்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

காலத்தைக் குறிப்பதிலும் இதே தொல்லை உண்டு. இந்த உண்ணியின் இளம் பருவம் மழைக்காலம் முடிந்தபின் பெருகுவதால், மனிதர்களுக்கு நோய் வருவது பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரையில்தான். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஆண்டுக்கு ஒரு வரைபடம் என்று போட்டால், ஒரே பருவம் இரண்டு படங்களாக வெட்டுப்படும். டிசம்பரில் பந்திப்பூரிலும் ஜனவரியில் வயநாட்டிலும் கண்டறியப்பட்ட ஒரே பருவத்து நிகழ்ச்சி, இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் முன்னேற்றம் போலத் தெரியும். உங்களுக்கு வந்த படத்தில் நடந்திருப்பது இதுவே. அத்துடன் அது ஒரு திரள் வரைபடம்: ஒரு முறை விழுந்த புள்ளி பிறகு அழிவதே இல்லை. அப்படிப்பட்ட வரைபடம் எந்த நோயைக் காட்டினாலும் அது பரவிக்கொண்டே போவதாகத்தான் தோன்றும். சுருங்குவதைக் காட்ட அதற்கு வழியே இல்லை. உண்மையில் இந்த நோய் ஓர் இடத்தில் சில பருவங்கள் ஓங்கி, குரங்குகள் குறைந்தோ எதிர்ப்பாற்றல் பெற்றோ, அடங்கி, பல ஆண்டுகள் ஒன்றுமில்லாமல் கிடந்து, மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. தொடக்கத்தில் நோய் அடங்கியிருந்த தாலுகாக்களில் ஒன்றான சாகரிலேயே 2018–19 பருவத்தில் அரளகோடு பகுதியில் பெருமளவில் வெடித்தது. தெற்கே போய்விட்டது என்று நினைத்த நோய் தொடங்கிய இடத்தை விட்டு அகலவே இல்லை. பருவத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியாக வரைந்து வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தில் பூசும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். 1997-இல் கர்நாடகத்தில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன: தட்சிண கன்னடத்திலிருந்து உடுப்பியும், மைசூரிலிருந்து சாமராஜநகரும் அப்போது தனியாயின. 1982-இன் பெல்தங்கடி நோயாளிகளை அன்றைய தட்சிண கன்னட மாவட்டத்தின் கணக்கில் போட்டுப் பூசினால், இன்றைய உடுப்பியும் சேர்ந்து சிவந்துவிடும். அதே கணக்கை இன்றைய எல்லையில் பூசினால், உடுப்பிக்குப் பிற்காலத்தில்தான் நோய் வந்தது போலத் தோன்றும். இரண்டு படங்களுக்கும் மூலத் தரவு ஒன்றேதான். தாலுகா அளவிலாவது வரைய வேண்டும். முடிந்தால் காட்டுப் பகுதியை மட்டும் நிறமூட்ட வேண்டும். புள்ளிகளுக்கு இடையே நிறத்தைக் குழைத்துப் பரப்பும் வெப்ப வரைபடங்களை இந்த நோய்க்கு நான் பயன்படுத்துவதே இல்லை. மைசூரைச் சுற்றியுள்ள வயல்வெளியையும் நகரத்தையும்கூட அது ஆரஞ்சு நிறமாக்கிவிடும். அந்த உண்ணி அங்கே வாழ்வதில்லை. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, சோதித்துப் பார்த்து இல்லை என்று தெரிந்த இடத்துக்கும், யாரும் சோதிக்காத இடத்துக்கும் வேறுவேறு நிறம் தருவது. இரண்டையும் வெள்ளையாக விடும் வரைபடம் பார்ப்பவரை ஏமாற்றுகிறது, வரைந்தவருக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு நேராக வருகிறேன். பெங்களூர் நகருக்கு இந்த நோய் வந்து தங்கிப் பரவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனிதரிடமிருந்து பரவாத, காட்டு உண்ணியைச் சார்ந்த நோய்க்கு இங்கே களம் இல்லை. நகர மருத்துவமனையில் ஒருவருக்கு உறுதியானாலும் அவர் வேறெங்கோ கடிபட்டு வந்தவராகவே இருப்பார். கோயம்புத்தூரைப் பொறுத்தவரை ஆண்டைச் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த உண்ணி பரவலாக வாழ்கிறது, குரங்குகளும் இருக்கின்றன, ஆகவே அந்த மலையடிவாரக் காடுகளில் ஒரு நாள் கண்டறியப்பட்டால் எனக்கு வியப்பாக இராது. ஆனால் அது முதுமலையிலிருந்து நகர்ந்து வந்ததா, முன்பே இருந்து அப்போது தேடப்பட்டதா என்பதை மரபணு வரிசையைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அடுத்த இடத்தைக் கணிப்பவர்கள் கடைசிப் புள்ளியிலிருந்து தூரத்தை அளப்பதில்லை. காடும் தோட்டமும் அண்மையில் ஊடுருவிக் கலந்த இடங்களையும், குரங்குச் சாவுகளையும், கால்நடை மேயும் இடங்களையும் பார்க்கிறார்கள். உண்ணிகள் வளர்ந்த பின் மாடு போன்ற பெரிய விலங்குகளின் மீது ஏறுவதால், அவை இடம் மாறுவதில் கால்நடைகளுக்கும் பங்கு இருக்கக்கூடும்; இளம் உண்ணிகள் தரையில் இரைதேடும் பறவைகள் மீதும் ஏறுகின்றன. தொலைதூரத் தாவல்களுக்கு இவற்றில் எது காரணம் என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

பெற்றோரை இங்கே கொண்டுவர இது ஒரு காரணமாகாது. கூடலூர் ஊருக்குள் இருப்பவருக்கும், டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவருக்கும் உள்ள ஆபத்து ஒன்றல்ல. வரைபடத்தில் இருவரும் ஒரே புள்ளிக்குள் இருந்தாலும். நோய் உறுதியானவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. லேசாக வந்து சோதனைக்கே போகாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்றாலும், அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகும்போது வண்டியை விட்டு இறங்கிக் காட்டோரத்தில் உட்காராதீர்கள். செத்த குரங்கைக் கண்டால் அருகில் போகாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள். கூடலூரிலிருந்து திரும்பிய சில நாட்களில் உங்களுக்கோ, அங்கே உங்கள் தந்தைக்கோ திடீரென்று கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் கண்டால், மருத்துவரிடம் காய்ச்சல் தொடங்கிய நாளையும், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் கால் வைத்த காட்டின் பெயரையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.